பூஜை போட்ட பம்பர்

அறுபதுகளில் கடலூரில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்த ஒரே மல்லாட்டை வியாபாரி என் வீட்டுக்காரர்தான். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். திருப்பாதிரிப்புலியூரில் எங்களுக்கு மண்டி. மூட்டை ஏற்ற ஒரு பழைய லாரி வாங்கப் போகிறார் என்று மண்டியில் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தபோது, சென்னைக்குப் போனவர், கப்பலேறும் அவசரத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து இரண்டே பேர் உட்காரக்கூடிய, இடுப்புயரம்கூட இல்லாத ஒரு சிவப்புக் காரை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். அதற்குக் கூரை கிடையாது. கித்தானில் ஒரு மடக்குக் கூரை இருந்தது. ஆனால் விரித்தால் மடிக்கத் தெரியாது என்பதால் அதை யாரும் விரித்ததில்லை. மழை வந்தால் இவர் குடை பிடித்துக்கொண்டு ஓட்டினார்.

இரண்டு இருக்கையில் ஒன்று அவருக்கு. இன்னொன்று எனக்கு என்று நினைத்துக்கொண்டேன். அது என் அறியாமை. அந்த இருக்கையில் தரகர் உட்கார்ந்தார், வங்கி ஏஜெண்டு உட்கார்ந்தார், மஞ்சக்குப்பத்தில் இவரோடு சீட்டாடுகிறவர்கள் ஆளுக்கு ஒருநாள் உட்கார்ந்தார்கள். யாரும் இல்லாத நாளில் சாம்பிள் மல்லாட்டை ஒரு சாக்குப்பை நிறைய உட்கார்ந்து போயிற்று. நான் கேட்டபோதெல்லாம், உன்னை ஒருநாள் சிதம்பரத்துக்கே கூட்டிப் போகிறேன் என்றார்.

சிதம்பரம் என் அம்மா வீடு. கீழவீதியிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருந்தது. எனக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன, குழந்தை இல்லை. பஸ்ஸில் போய் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நுழைந்தால், அம்மாவில் தொடங்கி எதிர் வீட்டுக்காரி வரை எல்லாருக்கும் என் வயிற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். "விசேஷம் ஏதாவது உண்டா?" என்பார்கள். இல்லை என்று சொன்னதும், பாவம் என்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விடுவார்கள். எனக்கு அந்தப் பெருமூச்சைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். அந்தச் சிவப்புக் காரில், இவர் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா வீட்டு வாசலில் போய் இறங்க வேண்டும். அன்றைக்கு ஒருநாளாவது தெரு முழுக்க என் வயிற்றை விட்டுவிட்டுக் காரைப் பற்றிப் பேச வேண்டும். அந்தக் காரிடமிருந்து நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

காரில் நான் உட்கார்ந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. தினமும் காலையில் உட்கார்ந்தேன். அந்தக் காரின் பேட்டரி உயிரோடு இருந்த நாட்கள் குறைவு. முன்பக்கம் நடுவில் ஒரு ஓட்டை இருக்கும்; அதில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் என்ஜின் கிளம்பும். வெளியே ஒருவர் சுற்றும்போது உள்ளே ஒருவர் சோக் என்கிற குமிழை அளவாக இழுத்து, ஆக்ஸிலேட்டரை அளவாக மிதிக்க வேண்டும். அந்த அளவு எனக்குப் பிடிபட்டுவிட்டது. குளிர்ந்த என்ஜினுக்குக் குமிழை இழுக்க வேண்டும், சூடான என்ஜினுக்கு இழுக்கவே கூடாது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கொட்டகைக்குள் ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்து மிதிப்பேன், இவர் வியர்க்க விறுவிறுக்கச் சுற்றுவார், கார் உறுமும். உடனே "எறங்கு" என்பார். இறங்குவேன். கார் போய்விடும், நான் அடுப்பைப் பார்க்கப் போவேன்.

இந்த நிலையில் என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. தை மாசம், சிதம்பரத்தில், எங்கள் வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டு. மாப்பிள்ளை அழைப்புக்குப் பெண் வீட்டார்தான் திறந்த கார் ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தக் காலத்தில் ஊருக்கு ஒன்றிரண்டு திறந்த கார்தான் இருக்கும். முகூர்த்த நாளில் அதற்கு அடிபிடி. மூத்த மாப்பிள்ளையின் காரே திறந்த கார் என்று ஆனபோது என் அப்பாவுக்குப் பாதிக் கவலை விட்டது. இவருக்குத் தலைகால் புரியவில்லை. புது மாப்பிள்ளை, அதாவது தன் சகலை, தன்னுடைய காரில் தன்னுடைய தயவில் ஊர்வலம் வருவான் என்பதில் இவருக்கு இருந்த சந்தோஷம் கல்யாணப் பெண்ணுக்குக்கூட இருந்திருக்காது. கல்யாணத்துக்கு முன்தினம் உன்னையும் காரிலேயே கூட்டிப் போகிறேன் என்று அவராகவே சொன்னார். இந்தத் தடவை நான் நம்பினேன்.

அப்போதுதான் கரும்பு வண்டி வந்தது. நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு போகிற பருவம். ரயில்வே கேட்டில் ஒரு மாட்டு வண்டிக்குப் பின்னால் இவர் காரை ஒட்டி நிறுத்தியிருக்கிறார். மாடு இரண்டடி பின்னால் வந்திருக்கிறது. வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கரும்பு இவர் விளக்கு ஒன்றை உடைத்து, முன் பம்பரை வளைத்துவிட்டது. பம்பர் என்று அதைச் சொல்வதே மரியாதைக்குத்தான். பளபளவென்று ஒரு தகட்டு ரிப்பன், அவ்வளவுதான். இவர் குதித்திறங்கிச் சத்தம் போட, வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து நிதானமாகச் சொன்னாராம்: "வண்டி நின்னதே தெரியலீங்க. யாரோ நாற்காலியப் போட்டு ஒக்காந்திருக்காங்கன்னு நெனச்சேன்."

விளக்கு உடைந்தது இவரைப் பாதிக்கவில்லை. நாற்காலி என்றதுதான் தாங்கவில்லை. இரண்டு நாள் சாப்பாட்டில் உப்பு இல்லை, குழம்பில் புளி இல்லை என்று என் மேல் எரிந்து விழுந்தார். மூன்றாம் நாள் முடிவு பிறந்தது. காருக்கு முன்னால் பெரிய பம்பர் ஒன்று வைக்க வேண்டும், எதிரே வருகிறவனுக்கு ஒரு பயம் இருக்க வேண்டும். லாரிக்கு இருக்கிற மாதிரி என்றார். லாரி வாங்கியிருந்தால் அது கூடவே வந்திருக்குமே என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஓ.டி.யில், அதாவது பழைய ஊரில், துறைமுகத்துப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஒரு பாய் இவருக்கு நெருங்கிய சிநேகிதர். ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். பாய் இளவயதில் கொஞ்சகாலம் பினாங்கில் இருந்தவர். அதனால் உலகத்தில் எதைப் பற்றிப் பேசினாலும் "பினாங்குல" என்று ஆரம்பிப்பதை யாரும் தடுக்க முடியாது. பினாங்கில் இந்த மாதிரிக் கார் அத்தனைக்கும் முன்னால் பைப் பம்பர் இருக்கும் என்று சொல்லிவிட்டார். நாங்கள் யாரும் பினாங்கைப் பார்த்ததில்லை.

துறைமுகத்தில் உடைத்துப் போட்டிருந்த ஒரு மோட்டார் படகின் கைப்பிடிக் குழாய்கள் பாயிடம் இருந்தன. அதை வைத்து ஒரு வாரம் தட்டினார், வளைத்தார், பற்றவைத்தார். கைவண்டியில் அது வீட்டுக்கு வந்தபோது முதலில் நான் ஏதோ கிணற்றுக்குப் போடுகிற வேலி என்று நினைத்தேன். மேலும் கீழுமாக இரண்டு குழாய், அவற்றை இணைத்து நிமிர்ந்து நிற்கும் இரண்டு கொம்பு, எல்லாவற்றுக்கும் வெள்ளி பெயிண்ட். நடுவில் ஒரு கனத்த தகடு. அதில் சிவப்பு எழுத்தில் முருகன் துணை. காரின் அகலத்தைவிட இரண்டு பக்கமும் ஒரு சாண் நீண்டிருந்தது. அதைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. "மச்சான், இன்ஷா அல்லா, லாரி வந்து மோதினாலும் இது அசையாது. லாரிதான் நசுங்கும்" என்றார் பாய். இவர் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது.

மாட்டுவதற்கு வெள்ளிக்கிழமை காலை குறித்தார்கள். நல்ல நாள்தான், ஆனால் பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பித்துவிடும். பாய்க்கும் அன்றைக்கு நேரமில்லை, குளித்துவிட்டு ஜும்மாவுக்குப் போக வேண்டும். எட்டு மணிக்கு வந்தவர், காரின் முகத்தில் நான்கு இடத்தில் துளை போட்டு உள்ளே சட்டத்தோடு சேர்த்து முடுக்க வேண்டும் என்றார். காரின் மேனியில் ஒரு துளைகூடப் போடக்கூடாது என்று இவர் நடுவில் விழுந்தார். வெள்ளைக்காரன் போட்ட பெயிண்டாம். துளை போடலாம், போடக்கூடாது என்றே ஒன்பதரை ஆயிற்று. கடைசியில், பழைய ரிப்பன் பம்பரைத் தாங்கிக்கொண்டிருந்த இரண்டு மெல்லிய பட்டைகளிலேயே வளைந்த போல்ட்டுகளைப் போட்டு இதைக் கவ்வவிடுவது என்று சமாதானம் ஆனார்கள். ரிப்பனைத் தாங்குகிற பட்டை படகைத் தாங்குமா என்று நான் கேட்டேன். காபி கொண்டு வரச் சொன்னார்கள்.

நான்கு போல்ட்டில் இரண்டு முடுக்கியபோது மணி பத்தேகால். மீதி இரண்டைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம், ராகுகாலத்துக்கு முன் பூஜையை முடி என்று இவர் பறந்தார். பாய் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினார். பம்பருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கட்டித் தொங்கவிட்டு, கற்பூரம் காட்டிப் பூசணிக்காய் உடைத்தோம். பத்தரைக்கு ஒரு நிமிஷம் முன்னால் எல்லாம் சுபமாக முடிந்தது. பாய் சாயங்காலம் வரவில்லை, மறுநாளும் வரவில்லை, இவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல நான் போய் ஓட்டுநர் இடத்தில் உட்கார்ந்தேன். இவர் கைப்பிடியை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். வெகுநேரம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால், கையில் கைப்பிடியோடு குந்திக்கொண்டு பம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். கைப்பிடி செருகும் ஓட்டைக்கு நேர் முன்னால் முருகன் துணை நின்றது.

நான் சிரித்தது தப்புதான். ஆனால் வழியையும் நான்தான் சொன்னேன்: தகட்டில் ஒரு துளை போட்டால் போயிற்று. "முருகன் பேர்ல ஓட்டை போடச் சொல்றியா?" என்றார். சரி, கழற்றிவிட்டுக் கல்யாணம் முடிந்ததும் மாட்டிக்கொள்ளுங்கள் என்றேன். பூஜை போட்டு மாட்டியதை ஒரு சுபகாரியத்துக்கு முன்னால் கழற்றுவது குடும்பத்துக்கு ஆகாதாம். அதற்கு மேல் நான் பேசினால் தங்கை கல்யாணத்தில் ஏதாவது குறை வந்தால் என் வாய்தான் காரணம் என்று ஆகிவிடும். பேசாமல் இறங்கினேன். அன்றிலிருந்து மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் காலையில் வந்து காரைத் தெருமுனை வரை தள்ளிவிட்டுப் போனார்கள். காலைநேரத்தில் எனக்குக் கிடைத்த அந்த ஐந்து நிமிஷ உட்காரலும் போயிற்று.

இன்னொரு சங்கடமும் இருந்தது. பம்பரின் கனத்தில் காரின் மூக்கு தரையை நோக்கித் தாழ்ந்துவிட்டது. மேடு பள்ளத்தில் தரையை உரசியது. பாய் வந்து பார்த்து, பின்பக்கம் கனம் வை என்றார். டிக்கியில் ஒரு மூட்டை மல்லாட்டை ஏறியது. தூரப் பயணத்துக்கு அதுவும் போதாது, வழியில் ஏதாவது ஆனால் பார்க்க நானும் கூட வருகிறேன் என்றார் பாய். கல்யாணத்துக்கு அழைப்பு வைத்திருந்தோம், வர வேண்டியவர்தான். ஆனால் இரண்டே இருக்கை. ஒன்றில் இவர், ஒன்றில் பாய். நீ பஸ்ஸில் முன்னால் போய்விடு, நாங்கள் பின்னாலேயே வருகிறோம் என்றார் இவர். அதை ஏதோ எனக்குச் செய்கிற உதவி மாதிரிச் சொன்னார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. பட்டுப்புடவைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆனால் அவர்கள்தான் முன்னால் கிளம்பினார்கள். ஆலப்பாக்கம் தாண்டி ஒரு மதகுக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. சாலையில் ஒரு சிவப்புக் கார் மூக்கைத் தரையில் வைத்து நின்றது. பாய் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். கண்டக்டர் ஆண்களையெல்லாம் இறங்கிப் பம்பரைத் தூக்கிப் பிடித்துத் தள்ளச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், இந்தப் பொம்மைக் காரை வாங்கின புண்ணியவான் யாரோ என்றாள். தெரியலையே என்றேன். இவர் என்னைப் பார்த்தார். நான் மடியிலிருந்த வறுத்த மல்லாட்டையை உரித்து வாயில் போட்டுக்கொண்டு வயலைப் பார்த்தேன். தள்ளிவிட்டு ஏறியவர்கள் சட்டையெல்லாம் வெள்ளி பெயிண்ட்.

அம்மா வீட்டு வாசலில் பையும் பெட்டியுமாகப் போய் நின்றேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் அவள் கேட்பதற்கு முன்பே இல்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. தெற்குவீதியில் ஒரு பிள்ளையார் கோயிலிலிருந்து மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு, கீழவீதி வழியாக எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். கார் இவ்வளவு சின்னது என்று பார்த்ததும் அலங்காரம் செய்கிறவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். பம்பரைப் பார்த்ததும் மலர்ந்துவிட்டார்கள். பூக்கட்ட அவ்வளவு வசதியான ஒன்று எந்தக் காரிலும் இருந்ததில்லையாம். கொம்புக்கு ஒன்றாக இரண்டு வாழைக்கன்று, குழாய் முழுக்கச் சாமந்தி, குழாய்க்கும் குழாய்க்கும் நடுவே மல்லிகைச் சரத்தைக் கோரைப்பாய்போல நெருக்கிக் கட்டி, காரின் முகமே தெரியாமல் மூடினார்கள். காற்று நுழைய ஊசிமுனை இடமில்லை. இவர் தள்ளி நின்று பார்த்து, இப்போது எவனாவது நாற்காலி என்று சொல்லட்டும் என்றார்.

புது மாப்பிள்ளை கோட்டும் சூட்டுமாக, முகத்தில் பவுடரோடு, மடித்த கித்தான் கூரையின் மேல் ஏறி உட்கார்ந்தார். இவர் ஓட்டினார். பக்கத்து இருக்கையில், இரவல் அங்கவஸ்திரத்தோடு, பாய். முன்னால் நாதஸ்வரம், இரண்டு பக்கமும் கேஸ் லைட். பின்னால் சீர்த்தட்டு ஏந்திய பெண்களோடு நானும் நடந்தேன். நாதஸ்வரத்தின் நடையில்தான் கார் போக வேண்டும். பத்தடிக்கு ஒருமுறை நின்று ஒரு கீர்த்தனையை முடித்துவிட்டுத்தான் அவர்கள் நகர்ந்தார்கள். கீழவீதி திரும்பியதும் வெந்த மல்லிகையின் வாசனை வந்தது. அதுவரை அப்படி ஒரு வாசனையை நான் முகர்ந்ததில்லை. பூவுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. கார் இரண்டு தடவை இருமி, நின்றுவிட்டது.

மாப்பிள்ளையை ஏற்றிய பிறகு வழியில் இறக்கக் கூடாது. பெண் வீட்டு வாசலில் ஆரத்தி எடுத்துத்தான் இறக்க வேண்டும். நடுவில் இறங்குவது அபசகுனம் என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். "அண்ணே, எறங்கிடட்டுமா?" என்று பாவம் புது மாப்பிள்ளை இவரிடம் கெஞ்சினார். ஆவி அவருடைய கோட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. கேஸ் லைட்டுக்காரர்களும் சொந்தக்காரர்களும் பின்னால் தள்ளினார்கள். டிக்கியில் ஒரு மூட்டை, மேலே ஒரு மாப்பிள்ளை, முன்னால் ஒரு படகு. நான்கடி போய் மூச்சு வாங்கினார்கள். கொதிக்கிற என்ஜின் கிளம்பவில்லை.

கல்யாணச் சமையலுக்குச் சேத்தியாத்தோப்பிலிருந்து வாழை இலையும் காய்கறியும் ஏற்றி வந்த மாட்டு வண்டி ஒன்று பக்கத்தில் நின்றது. யாரோ மாடுகளை அவிழ்த்துக் கொண்டுவந்து, நுகத்தில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை எதில் கட்டுவது என்று பார்த்தார்கள். பாய் இறங்கி முன்னால் வந்தார். "பம்பர்ல கட்டுங்க. யானையே இழுத்தாலும் தாங்கும்" என்றார். கட்டினார்கள். மாடுகள் மெதுவாக நகரத் தொடங்கியபோது, நின்றிருந்த தவில்காரர் உற்சாகப்படுத்துவதாக நினைத்து ஒரு தட்டுத் தட்டினார். மாடுகள் மிரண்டு பாய்ந்தன.

யானை வேண்டியிருக்கவில்லை. முடுக்கிய இரண்டு போல்ட்டும் தெறித்தன. இரண்டு வாழைக்கன்று, சாமந்தி, மல்லிகை, எலுமிச்சம்பழம், முருகன் துணை எல்லாவற்றோடும் பம்பர் கழன்று, கடகடவென்று கீழவீதியில் கிளம்பிவிட்டது. ஒதுங்கி நின்ற நாதஸ்வரக்காரர்கள் அலங்காரம் தங்களைத் தாண்டிப் போவதைப் பார்த்து, ஊர்வலம் நகர்கிறது என்று எண்ணி வாசித்துக்கொண்டே அதன் பின்னால் நடந்தார்கள். கேஸ் லைட்டுகளும் பாதி அங்கே போய்விட்டன. மச்சான் என்று கத்திக்கொண்டே பாய் அதைத் துரத்தினார். மாப்பிள்ளை இருந்த இடத்திலேயே அரை இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

காரின் முகம் இப்போது வெறுமையாகத் தெரிந்தது. நடுவில் அந்த ஓட்டை. இவர் அதைப் பார்த்தார். டிக்கியைத் திறந்து மூட்டைக்கு அடியிலிருந்து கைப்பிடியை உருவினார். சோடாக்கடையிலிருந்து தண்ணீர் வாங்கி ரேடியேட்டரில் ஊற்றினார்கள். பிறகு இவர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். உள்ளே உட்கார்ந்து மிதிக்க ஆள் வேண்டும். பத்துப் பேர் முன்னால் வந்தார்கள். இவர் அவர்களையெல்லாம் தாண்டிப் பார்த்து, "ஏய், நீ வா" என்றார்.

சீர்த்தட்டைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு, பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். கீழவீதியே பார்த்தது. குமிழைத் தொடவில்லை, காலால் மட்டும் அளவாக மிதித்தேன். இவர் சுற்றினார். மூன்றாவது சுற்றில் கார் உறுமியது. இவர் கைப்பிடியை உருவிக்கொண்டு வந்து என் பக்கக் கதவைத் திறந்து, தினமும் சொல்கிற மாதிரியே சொன்னார்: "எறங்கு."

"காலை எடுத்தா நின்னுடும். நான் அந்தப் பக்கம் நவுந்துக்குறேன், நீங்க ஏறுங்க" என்றேன்.

அவருக்கு வேறு வழியில்லை. ஒரு காலை மிதியிலேயே வைத்துக்கொண்டு, கியரைத் தாண்டிப் பக்கத்து இருக்கைக்கு நகர்ந்தேன். அவர் உள்ளே வந்து மிதியில் கால் வைத்தார். கார் நகர்ந்தது. இருக்கையில் ஒரு ஸ்பிரிங் குத்தியது, பெட்ரோல் நாற்றம் குமட்டியது, தோளுக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையின் பூட்ஸ் கால். எதுவும் எனக்கு உறைக்கவில்லை. என் தெருவுக்குள் அந்தக் காரில், இவர் பக்கத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து நுழைந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

வாசலில் பம்பர் எங்களுக்கு முன்பே வந்து கிடந்தது. ஆரத்தித் தட்டோடு அம்மா. மாப்பிள்ளைக்குச் சுற்றத் தூக்கிய தட்டு என்னைப் பார்த்ததும் பாதியில் நின்றது. எல்லாப் பெண்களும் நடந்து வரும்போது ஒருத்தி மட்டும் காரில் உட்கார்ந்து வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் தெருவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மாவின் முகம் பூத்துவிட்டது. மாப்பிள்ளைக்குச் சுற்றி முடித்து, அதே தட்டை எனக்கும் ஒரு சுற்றுச் சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்து, காதுக்குள் கேட்டாள். "காலையில ஏண்டி மறைச்ச?"

"இல்லம்மா. சும்மாதான் உக்காந்து வந்தேன்."

"எனக்குத் தெரியாதா. மூணு மாசம் ஆவுற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத" என்றாள் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் அப்படிச் சந்தோஷப்பட்டதைப் பார்த்த பிறகு, மறுபடியும் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பாவி, ஒரு பெண் சும்மா ஒரு காரில் உட்கார்ந்து வரக்கூடாதா என்று கத்த வேண்டும்போல இருந்தது. யாரிடம் கத்துவது?

யார்கிட்டயும் சொல்லாதே என்ற அம்மாவே விடிவதற்குள் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். என்னைக் குனிய விடவில்லை, ஒரு குடம் தூக்க விடவில்லை. பப்பாளிப் பழத்தை என் கண்ணில் காட்டவில்லை. முகூர்த்தம் முடிந்ததும் ஆண்கள் வரிசையாக வந்து இவர் தோளைத் தட்டினார்கள். இவர் எல்லாரிடமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எல்லாம் என்ஜினால்தான், நல்ல என்ஜின் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கிளம்புகிற நேரத்தில் அதிசயம் நடந்தது. பாய் பரங்கிப்பேட்டையில் சொந்தக்காரர்களைப் பார்க்க வேண்டுமென்று விடிந்ததுமே பஸ்ஸில் போய்விட்டார். கழன்ற பம்பரைப் பற்றிப் பேச்சு வரும் என்று பயந்திருப்பார். காரில் ஒரு இருக்கை காலி. இவர் அதைத் துண்டால் தட்டித் துடைத்துவிட்டு, "வா, போலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அதற்கு முன் நான் கேட்டதில்லை. பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

அம்மா குறுக்கே வந்து நின்றாள். இந்த நேரத்தில், அந்தக் குலுக்கல் வண்டியில், தான் உயிரோடு இருக்கும் வரை அனுப்ப மாட்டாளாம். ரயிலில்தான் போக வேண்டும், துணைக்கு அத்தை வருவாள். இவருக்கு இந்த நேரம் என்றால் எந்த நேரம் என்று புரியவில்லை. மாமியாரை எதிர்த்துப் பேசியும் பழக்கமில்லை. நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். குலுங்கக் கூடாது என்று என்னைக் குதிரை வண்டியில் ஏற்றி ஸ்டேஷனுக்கு அனுப்பினார்கள். அந்தக் குதிரை வண்டி குலுக்கிய குலுக்கலில் என் பல்லெல்லாம் ஆடியது.

வழியில் ஒரு ரயில்வே கேட்டைத் தாண்டும்போது ரயில் மெதுவாகப் போனது. கேட்டுக்கு அந்தப் பக்கம் சிவப்புக் கார் நின்றிருந்தது. ஸ்டீரிங்கில் இவர். பக்கத்து இருக்கையில், பெயிண்ட் உதிராமல் இருக்க என் பழைய புடவை ஒன்றைச் சுற்றிக்கொண்டு, இரண்டு கொம்பும் வெளியே தெரிய, பம்பர் உட்கார்ந்திருந்தது. இவர் என்னைக் கண்டுபிடித்துக் கையை ஆட்டினார். நான் இன்னும் நன்றாகப் பார்க்க ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு இந்தக் காற்று ஆகாது என்று அத்தை என்னை இழுத்து உட்காரவைத்து, ஜன்னலைச் சாத்தினாள்.